எலி இருந்த அறையில் துடைப்பம் வேண்டாம்

கேபின் கதவைத் திறந்ததும் நம்மவர்கள் செய்கிற முதல் காரியம், மூலையில் துடைப்பம் இருக்கிறதா என்று பார்ப்பது. சான் ஹோசேயிலிருந்து நான்கு மணி நேரம் கார் ஓட்டி வந்த களைப்பிலும், கூட வந்த அம்மாவோ மாமியாரோ, "படுக்கிற இடத்தை ஒரு தரம் பெருக்கிட்டு அப்புறம் பையை வைங்க" என்பார். மற்ற எங்கும் நல்ல பழக்கம்தான். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், மலைக்காட்டுக் கேபின்களில், அது ஆபத்து. கட்டிலுக்கு அடியில் கிடக்கும் எலிப்புழுக்கையும், தரையில் காய்ந்துபோன எலி மூத்திரமும் துடைப்பம் பட்டதும் தூசாக எழும்பும். அந்தத் தூசை மூச்சில் இழுப்பதுதான் ஹன்டா வைரஸ் மனித உடம்புக்குள் நுழையும் முக்கியமான வழி. எலி கடிக்க வேண்டியதில்லை. கண்ணில் படவேண்டியதுகூட இல்லை.

யோசெமிட்டி, தாஹோ ஏரி, கிராண்ட் கேன்யன் பக்கம் கூடாரம் அடிக்கவோ கேபின் எடுக்கவோ போகிறவர்களுக்காக இந்த அத்தியாயம். கரடிக்கு நாம் எல்லோரும் பயப்படுகிறோம். கரடிக்காகப் பூங்கா நிர்வாகமே இரும்புப் பெட்டி வைத்திருக்கிறது, பலகை வைத்திருக்கிறது, அபராதம் வைத்திருக்கிறது. எலியையும் அணிலையும் நாம்தான் கவனிக்க வேண்டும்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன், பிறகு பீதி வேண்டாம். 1993-இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து 2022 இறுதிவரை அமெரிக்கா முழுவதிலும் பதிவான ஹன்டா நோயாளிகள் 864 பேர். யோசெமிட்டிக்கு மட்டும் ஓர் ஆண்டில் 40 லட்சம் பேர் அளவுக்கு வந்துபோகிறார்கள். அங்கே அருவித் தலைப்பில் வழுக்கி விழுவதும் ஆற்றில் இறங்கி அடித்துச் செல்லப்படுவதும் இதைவிடப் பெரிய அபாயங்கள். ஆனாலும் இந்த நோய் நுரையீரலைப் பிடித்துவிட்டால் பத்துப் பேரில் கிட்டத்தட்ட நான்கு பேர் பிழைப்பதில்லை. தடுப்பூசி கிடையாது. வைரஸைக் குறிவைத்துக் கொல்லும் மருந்தும் கிடையாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சையும் இதயத்தையும் தாங்கிப் பிடித்து, உடம்பு தானாக மீள்வதற்கு நேரம் வாங்கிக் கொடுப்பதுதான் சிகிச்சை. இத்தனைக்கும் எதிராக நம்மிடம் கேட்கப்படுவது அரை மணி நேரப் பொறுமையும் ஒரு பாட்டில் ப்ளீச்சும். நியாயமான பேரம் என்றே எனக்குப் படுகிறது.

2012-இல் நடந்தது

2008 அக்டோபரில் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் கரி வில்லேஜ் முகாமில் மலையிலிருந்து பாறைகள் சரிந்தன. பாறை விழக்கூடிய எல்லைக்குள் இருந்த கேபின்களை மூடிவிட்டு, அவற்றுக்கு மாற்றாக 2009-இல் 'சிக்னேச்சர்' என்ற பெயரில் புதுவகைக் கூடாரக் கேபின்கள் எழுந்தன. பழைய கேபின்கள் ஒற்றைக் கித்தான் துணியால் ஆனவை. இரவில் குளிர் எலும்பைத் துளைக்கும். புதியவற்றுக்கு வெளியே கித்தான், உள்ளே பலகைச் சுவர், இரண்டுக்கும் நடுவே குளிர் தாங்கும் நுரைப் பட்டை. விருந்தினருக்குக் கதகதப்பு. அந்த இடைவெளிக்குள் நுழைந்த எலிகளுக்கும் அதே கதகதப்பு. நுரையைக் குடைந்து கூடு கட்டிக் குட்டி போட்டன.

2012 கோடையில் அங்கே தங்கிப்போனவர்களில் சிலருக்கு, வீடு திரும்பிய பிறகு, காய்ச்சல் வந்தது. மொத்தம் 10 பேர். அவர்களில் 9 பேர் சிக்னேச்சர் கேபின்களில் படுத்தவர்கள். ஒருவர் உயரத்தில் உள்ள ஹை சியரா முகாம்களில் தங்கியவர். 3 பேர் இறந்தார்கள். அவர்கள் கலிபோர்னியா, பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா என்று வெவ்வேறு மூலைகளைச் சேர்ந்தவர்கள். ஒருவருடைய மருத்துவருக்கு இன்னொருவரைப் பற்றித் தெரிய வழியே இல்லை. ஆகஸ்ட் இறுதியில் 91 சிக்னேச்சர் கேபின்களும் மூடப்பட்டன. பிறகு பிரித்தே எடுக்கப்பட்டன. அந்தக் கோடையில் பூங்காவில் இரவு தங்கியவர்கள் சுமார் 2,30,000 பேருக்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டது.

இதிலிருந்து பயணிக்குக் கிடைக்கிற செய்தி, கரி வில்லேஜுக்குப் போகாதே என்பதல்ல. சுவரும் கூரையும் இருந்தால் பத்திரம், வெறுங்கூடாரம் ஆபத்து என்று நினைக்கிறோம் அல்லவா? இந்த நோயைப் பொறுத்தவரை கணக்கு தலைகீழ். ஹன்டா வைரஸ் வெயிலில் நீண்ட நேரம் தாங்காது. காற்றோட்டமான இடத்தில் தூசு கலைந்துபோகும். அடைத்துக் கிடக்கும் இருண்ட அறைதான் அதற்குத் தோது. பனிக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்து மே மாதம் திறக்கப்படும் கேபின், நண்பரின் நண்பர் கொடுத்த மலைவீடு, தோட்டத்துக் கொட்டகை, நாள்பட ஓரங்கட்டி நிற்கும் கேம்ப்பர் வேன் — இவற்றில்தான் கவனம் வேண்டும். தரை வைத்துத் தைத்த, ஜிப் சரியாக மூடுகிற சாதாரணக் கூடாரத்தை வெட்டவெளியில் அடித்துப் படுப்பவர் ஒப்பீட்டளவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

எந்த எலி

டியர் மவுஸ் என்பது அதன் பெயர். உள்ளங்கைக்குள் அடங்கும் காட்டுச் சுண்டெலி. முதுகு பழுப்பு அல்லது சாம்பல். வயிறும் பாதங்களும் பளிச்சென்று வெள்ளை. காதும் கண்ணும் பெரியவை. வாலும் மேலே கறுப்பு, கீழே வெள்ளை. வீட்டுச் சுண்டெலிபோல உடம்பெல்லாம் ஒரே சாம்பலாக இருக்காது. பார்க்க அழகான பிராணி, அதில்தான் வம்பு; குழந்தைகள் கையில் எடுக்கப் பார்ப்பார்கள். வைரஸ் அந்த எலிக்கு எந்தத் தொந்தரவும் கொடுப்பதில்லை. நோயுற்ற எலி என்று பார்த்து அடையாளம் காண முடியாது. மூத்திரம், புழுக்கை, எச்சில் மூன்றிலும் வைரஸை விட்டபடி சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருக்கும்.

1993 மே மாதம், நியூ மெக்ஸிகோ, அரிசோனா, கொலராடோ, யூட்டா நான்கும் சந்திக்கும் வறண்ட பிரதேசத்தில், திடகாத்திரமான இளைஞர்கள் திடீரென்று மூச்சுத்திணறி இறந்தபோதுதான் இந்த நோய் மருத்துவ உலகுக்குத் தெரியவந்தது. நவஹோ பழங்குடியினர் பலர் அதில் பலியானார்கள். அதற்கு முந்தைய பருவத்தில் மழையும் பனியும் வழக்கத்தைவிட அதிகம். பைன் கொட்டைகள் ஏராளமாக விளைந்து எலிகள் பெருகியிருந்தன. இந்த விவரம் இன்றும் பயன்படும். நல்ல மழை பெய்த ஆண்டுக்கு அடுத்து வரும் கோடையில் கேபின் எடுப்பவர்கள் கட்டிலுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் கூர்ந்து பார்க்கலாம்.

கேபினுக்குள் நுழைவது எப்படி

கதவைத் திறங்கள், ஜன்னல்களைத் திறங்கள், வெளியே வந்துவிடுங்கள். எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டையாவது திறந்தால்தான் காற்று ஊடுருவும். குறைந்தது 30 நிமிடம். அதற்குள் பிளாஸ்க் காபியைக் குடிக்கலாம், கூடாரம் அடிக்கிற பக்கத்து வீட்டாருக்குக் கயிறு பிடிக்கலாம். குழந்தைகளை உள்ளே விடாதீர்கள். அவர்கள்தான் முதலில் கட்டிலுக்கு அடியில் புகுந்து விளையாடுவார்கள்.

பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். மெத்தை ஓரம், அலமாரியின் உள்மூலை, ஸ்டவ்வுக்குப் பின்பக்கம், விறகுப் பெட்டி. கறுத்த, 3 முதல் 6 மில்லிமீட்டர் நீளமுள்ள புழுக்கைகள், கடித்துத் துருவிய துணி அல்லது பஞ்சு, மக்கிய மூத்திர வாடை. இருந்தால், பணம் கொடுத்துத் தங்கும் இடம் என்றால், நீங்கள் சுத்தம் செய்யவே வேண்டாம். அலுவலகத்தில் போய்ச் சொல்லி வேறு கேபின் கேளுங்கள். நம்மில் பலர் இங்கே கூச்சப்படுகிறோம்; ஒரு ராத்திரிதானே, சமாளிச்சுக்கலாம் என்கிறோம். எலிப்புழுக்கை இருக்கிறது என்று சொன்னால் முகம் சுளிக்கும் ஊழியரை மேற்கத்திய பூங்காக்களில் அரிதாகவே காண்பீர்கள். 2012-க்குப் பிறகு அவர்களுக்கு அதன் பொருள் தெரியும்.

வேறு இடம் இல்லை, சொந்தமாக எடுத்த மலைவீடு, நீங்களேதான் செய்தாக வேண்டும் என்றால் ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று அன்றைக்கன்று கலந்துகொள்ளுங்கள். ஒரு கேலன் தண்ணீருக்கு ஒன்றரைக் கப் ப்ளீச் என்பது கையில் வைத்துக்கொள்ள எளிய அளவு. அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தோடு இதைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சுவாயு கிளம்பும். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, புழுக்கையும் கூடும் நன்றாக ஊறும்படி தெளியுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் அதுவே தூசைக் கிளப்பும். மெதுவாக நனைய விடுங்கள். 5 நிமிடம் ஊறட்டும். பிறகு பேப்பர் டவலால் அள்ளி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அதை இன்னொரு பையில் போட்டு, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் சேருங்கள். தரையை அதே கரைசலில் நனைத்த மாப்பால் துடையுங்கள். துடைப்பமும் வேக்குவமும் கடைசிவரை வேண்டாம். கையுறையைக் கழற்றுமுன் கையுறையோடேயே ஒரு தரம் கழுவி, கழற்றிய பின் சோப்புப் போட்டு மறுபடி கழுவ வேண்டும்.

சமையல் மேடையில் நாலைந்து புழுக்கைகள் என்றால் இவ்வளவே போதும். அறை முழுக்க எலி குடியிருந்த அடையாளம் இருந்தால் துணி முகக்கவசமோ அறுவை அறையில் போடும் நீல முகக்கவசமோ உதவாது. முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் என்95 ரகம் வேண்டும். என்னைக் கேட்டால், முகக்கவசம் தேவைப்படும் அளவுக்கு எலி இருக்கிற வீட்டில் விடுமுறையைக் கழிப்பதைவிட முன்பணத்தை விட்டுவிட்டுக் காரைத் திருப்புவது மேல்.

கூடாரமும் சாப்பாடும்

கூடாரத்தை விறகுக் குவியல், விழுந்த மரம், தரையில் தெரியும் வளைகள், அடர்ந்த புதர் இவற்றிலிருந்து தள்ளி அடியுங்கள். நட்சத்திரம் பார்த்துக்கொண்டு வெறுந்தரையில் படுக்க ஆசைப்படுகிறவர்கள் மடக்குக் கட்டில் ஒன்று எடுத்துப்போகலாம். ஸ்லீப்பிங் பேக்கைக் காலையிலேயே விரித்துப் போட்டுவிட்டு நாள் முழுக்கச் சுற்றப் போகாதீர்கள். இரவு படுக்கும்போது விரித்து உதறிக்கொள்ளுங்கள். விறகைக் கையுறையோடு எடுங்கள், அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள், கேபினுக்குள் அடுக்கி வைக்காதீர்கள்.

நம்முடைய சாப்பாட்டு மூட்டை எலிக்குக் கல்யாண விருந்து. முறுக்கு, மிக்ஸர், அவல், பொரி, அரிசி, வேர்க்கடலை எல்லாமே சிந்தக்கூடியவை, எல்லாமே தானியம். எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்ட மேஜைக்கு அடியில் கிடக்கும் பருக்கைகளே ஓர் எலிக் குடும்பத்துக்கு இரவு முழுக்கப் போதும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையை அது ஐந்து நிமிடத்தில் கடித்து ஓட்டை போட்டுவிடும். நல்லவேளையாக, இதற்கான விடை நம் சமையலறையிலேயே இருக்கிறது: இறுக்கி மூடுகிற எவர்சில்வர் டப்பா. டப்பாவில் போட்டு, டப்பாவைக் கரடிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் தாழ்ப்பாளைச் சரியாகப் போடுங்கள். பாத்திரத்தைக் காலையில் கழுவிக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. நாய்க்கு வைத்த மிச்சத்தையும் எடுத்து மூடிவிடுங்கள். கேபினில் தங்கினால், கதவுக்கு அடியிலும் குழாய் நுழையும் இடத்திலும் பாருங்கள். கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டர் இடைவெளி கிடைத்தால் சுண்டெலி உள்ளே வந்துவிடும். கொஞ்சம் இரும்பு நார் அடைத்தால் கடிக்காது.

இடையில் ஒன்று: செக்கோயா பூங்காவின் மினரல் கிங் பகுதியில் மார்மட் என்ற கொழுத்த மலையணில் கார்களின் ரேடியேட்டர் குழாய்களைக் கடித்துவிடும். அங்கே நிறுத்தும் கார்களைச் சுற்றித் தார்ப்பாய் கட்டியிருப்பதைப் பார்த்தால் சிரிக்காதீர்கள், நீங்களும் ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். இதற்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை. ஆனால் காட்டு நடுவில் கார் நின்றுபோனாலும் விடுமுறை கெட்டதுதான்.

அணிலுக்குத் தீனி போடாதீர்கள்

சேதுவுக்கு மண் சுமந்த அணில் என்று கதை கேட்டு வளர்ந்த நமக்கு அணிலிடம் சந்தேகம் வருவதில்லை. முதுகில் கோடு வேறு போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். தாஹோவிலும் யோசெமிட்டியிலும் அப்படிக் கோடு போட்ட சிப்மங்க்கும் தரையணிலும் கால்மாட்டில் வந்து நின்று கையேந்தும். கிராண்ட் கேன்யனில் பாறையணில்கள் ஆண்டுதோறும் பலரைக் கடிக்கின்றன. பள்ளத்தாக்கில் பயணிகளுக்குக் காயம் உண்டாக்கும் விலங்குகளில் அவையே முன்னணியில் இருப்பவை. தேசியப் பூங்காக்களில் காட்டு விலங்குக்குத் தீனி போடுவது சட்ட விரோதம், அபராதம் உண்டு. இருந்தும் கையில் கடலையோடு குழந்தையை நிறுத்திப் படம் எடுக்கிறவர்களை ஒவ்வொரு காட்சிமுனையிலும் பார்க்கலாம்.

அந்த அணிலின் மயிருக்குள் தெள்ளுப்பூச்சி இருக்கும்; தெள்ளுப்பூச்சிக்குள் பிளேக் கிருமி இருக்கலாம். பிளேக்கா, இன்னுமா என்று கேட்பீர்கள். கோவையில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்ப வைத்த அதே உலகளாவிய அலைதான் கலிபோர்னியாவையும் தொட்டது. 1894-இல் ஹாங்காங், 1896-இல் பம்பாய், 1900-இல் சான் பிரான்சிஸ்கோ. கப்பல் எலிகளிலிருந்து கரையோர எலிகளுக்கும், அவற்றிலிருந்து சில ஆண்டுகளுக்குள் தரையணில்களுக்கும் தாவியது. நகரத்தில் அடக்கிவிட்டார்கள், காட்டில் முடியவில்லை. இன்றும் மேற்கு மாநிலங்களில் ஆண்டுக்குச் சராசரியாக 7 பேருக்கு வருகிறது.

2015 கோடையில் யோசெமிட்டியின் கிரேன் ஃப்ளாட் முகாமில் தங்கிய லாஸ் ஏஞ்சலஸ் பகுதிக் குழந்தை ஒன்றுக்கு பிளேக் கண்டது, பிழைத்துக்கொண்டது. அந்த ஆகஸ்டில் கிரேன் ஃப்ளாட்டையும், பிறகு டுவாலமி மெடோஸ் முகாமையும் சில நாட்கள் மூடி, வளைகளுக்குள் தெள்ளுப்பூச்சி மருந்து தூவினார்கள். யோசெமிட்டி வந்துபோன ஜார்ஜியா மாநிலத்தவர் ஒருவருக்கும் அதே ஆண்டு நோய் உறுதியானது. 2021 ஆகஸ்டில் தெற்கு தாஹோவின் டெய்லர் கிரீக் பார்வையாளர் மையமும் கீவா கடற்கரையும் சிப்மங்க்குகளில் கிருமி கண்டதால் மூடப்பட்டன. பூங்கா வாசலில் பிளேக் எச்சரிக்கைப் பலகை கண்டால் திரும்பிவர வேண்டாம். அந்தப் பூங்கா கண்காணிக்கப்படுகிறது என்று அர்த்தம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது செத்துக் கிடக்கும் அணிலை. தொடாதீர்கள், குச்சியால் புரட்டாதீர்கள், இடத்தைக் குறித்துக்கொண்டு ரேஞ்சரிடம் சொல்லுங்கள். விலங்கு செத்ததும் தெள்ளுப்பூச்சி அடுத்த உடம்பைத் தேடும். அது உங்கள் கணுக்காலாக இருக்கலாம். முந்தின வருஷம் கீச்சிட்டுக்கொண்டிருந்த வளைகள் இந்த வருஷம் அரவமில்லாமல் இருந்தால் அங்கே கூடாரம் அடிக்காதீர்கள். பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, டீட் கலந்த பூச்சி விரட்டியைக் காலிலும் காலுறையிலும் தடவுங்கள். நாயைக் கூட்டிப்போனால் தெள்ளுப்பூச்சி மருந்து போட்டு, வாரைப் பிடித்தே நடத்துங்கள், இரவில் உங்கள் படுக்கையில் சேர்க்காதீர்கள். பூனையை வீட்டிலேயே விடுங்கள்; பிளேக் பூனையை எளிதில் பிடிக்கும், பூனையிடமிருந்து வீட்டாருக்கும் வரும்.

தெள்ளு கடித்து ஒரு வாரத்துக்குள் கடுங்காய்ச்சலும் தொடையிடுக்கிலோ அக்குளிலோ கழுத்திலோ வலியோடு நெறியும் கட்டினால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். பிளேக்குக்கு மருந்து உண்டு. ஜென்டாமைசின், டாக்ஸிசைக்ளின் போன்ற பழகிய ஆன்டிபயாடிக்குகளே கேட்கும். தாமதம்தான் கொல்லும்.

ராத்திரி வந்துபோகும் உண்ணி

மலைக்கேபினில் இன்னொரு குடித்தனக்காரர் உண்டு. எலியும் அணிலும் கூரைக்குள் கட்டிய கூட்டில் வாழும் மெல்லுடல் உண்ணி. புல்வெளியில் காலைப் பிடித்துக்கொண்டு நாள் கணக்கில் தொங்கும் உண்ணி அல்ல இது. இரவில் இறங்கி, தூங்குகிறவரை வலியில்லாமல் கடித்து, அரை மணிக்குள் குடித்து முடித்துத் திரும்பிவிடும். கடிபட்டதே தெரியாது. கிராண்ட் கேன்யனின் வட விளிம்பில் இருந்த மரக்கேபின்களில் 1973-இல் 62 பேருக்கு இப்படிக் கடிபட்டு, விட்டுவிட்டு அடிக்கும் காய்ச்சல் நோய் வந்தது. அங்கிருந்த லாட்ஜ் 2025 ஜூலைக் காட்டுத்தீயில் எரிந்துபோனது. ஆனால் அதே மாதிரிப் பழைய மரக்கேபின்கள் மேற்கு மலைகளெங்கும் இருக்கின்றன. குளிர்காலத்தில் கணப்பு மூட்டியதும் அறை சூடாகி, உறங்கிக் கிடந்த உண்ணிகள் விழித்துக்கொள்வதும் உண்டு. எலியை மட்டும் ஒழித்துவிட்டுக் கூட்டை விட்டுவைத்தால் பசித்த உண்ணிகள் மனிதரிடம் வரும்.

காய்ச்சல் மூன்று நாள் அடிக்கும், ஒரு வாரம் விட்டுவிடும், மறுபடி அடிக்கும். ஊருக்குப் போய்வந்தவருக்கு இப்படி வந்தால் மலேரியா என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். மலேரியாவுக்கு எடுக்கும் அதே ரத்தப் பூச்சில், காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது பார்த்தால், சுருள்வடிவக் கிருமி தெரியும். பார்க்கிறவரிடம் கேபினைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டிலைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளிப் போட்டு, போர்வை தரையைத் தொடாமல் பார்த்துக்கொள்வது எளிய தற்காப்பு.

கிழக்குக் கரைப் பூங்காக்களுக்குப் போகிறவர்களுக்கு லைம் நோய் பெரிய விஷயம். அங்கும் கிருமியின் இருப்பிடம் வெள்ளைக்கால் சுண்டெலி, கொண்டுவருவது கசகசா அளவுள்ள இளம் உண்ணி. ஒவ்வொரு நடைக்குப் பிறகும் உடம்பைத் தடவிப் பார்த்து, நுனி கூரான இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்தால் பெரும்பாலும் தப்பித்தோம். கிருமி இறங்க ஒரு நாளுக்கு மேல் அது ஒட்டியிருக்க வேண்டும். ஹவாய்க்குப் போகிறவர்களுக்கு, நம் ஊரில் எலிக்காய்ச்சல் என்கிற லெப்டோஸ்பைரோசிஸ். 2018 கேரள வெள்ளத்துக்குப் பின் பரவியதும், இலங்கையில் வயலில் இறங்கும் விவசாயிகளுக்கு மாத்திரை கொடுக்கக் காரணமாவதும் இதே நோய்தான். அருவிக்குக் கீழே தேங்கிய குளத்தில், காலில் புண்ணோடு இறங்காதீர்கள். தண்ணீரை விழுங்காதீர்கள்.

வீடு திரும்பிய பிறகு

ஹன்டா உடம்பில் வெளிப்பட 1 வாரத்திலிருந்து 8 வாரம் வரை ஆகலாம். அதற்குள் கேபினை மறந்திருப்போம். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மா விமானம் ஏறிப் போயிருப்பார்கள். காய்ச்சல், அசதி, தொடை, இடுப்பு, முதுகு, தோள் என்று பெரிய தசைகளில் கடும் வலி, சிலருக்கு வாந்தி, வயிற்றுவலி. சளியோ தொண்டை வலியோ முதலில் இருக்காது. 4 முதல் 10 நாள் கழித்து இருமலும் மூச்சுத்திணறலும் வரும். அதன்பின் மணிக்கணக்கில் நிலைமை மோசமாகும்.

அந்த முதல் கட்டத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் பிளேட்லெட் குறைந்திருக்கும். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு மருத்துவர் காய்ச்சலையும் பிளேட்லெட் குறைவையும் சேர்த்துப் பார்த்தால் டெங்கு என்றே நினைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது; நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தரம் அவர் நினைப்பது சரியாகவே இருக்கும். எனவே நீங்கள்தான் சொல்ல வேண்டும்: இன்ன தேதியில் கலிபோர்னியாவில் மலைக்கேபினில் படுத்தேன், எலிப்புழுக்கை இருந்தது, ஹன்டாவாக இருக்குமா என்று பாருங்கள். சுற்றிப்பார்க்க வந்த பெற்றோர் திரும்பும்போது தங்கிய இடம், தேதி, ஹன்டா வைரஸ் என்ற பெயர் மூன்றையும் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி, மருந்துச் சீட்டுகளோடு பைக்குள் வைத்து அனுப்புங்கள். வட அமெரிக்க ஹன்டா ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது என்பதால் அவர்களைக் கவனித்துக்கொள்கிறவர் பயப்படத் தேவையில்லை. அர்ஜென்டினா, சிலி பக்கம் உள்ள ஆண்டீஸ் வகை மட்டும் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும். பாட்டகோனியா மலையேறப் போய்வந்து காய்ச்சல் கண்டவர் தனியாகவே இருந்துகொண்டு மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

இன்னொன்று. நாலு குடும்பம் சேர்ந்து போகும்போது முன்பதிவை ஒருவர்தான் செய்கிறார். பூங்காவிலிருந்து எச்சரிக்கை வந்தால் அது அந்த ஒருவருடைய மின்னஞ்சலுக்குத்தான் வரும், அதுவும் பெரும்பாலும் விளம்பரக் கடிதங்களோடு சேர்ந்து ஒதுங்கிக் கிடக்கும். திரும்பி வந்து இரண்டு மாதம் வரை பூங்கா பெயரில் வரும் எதையும் திறந்து பார்க்காமல் அழிக்காதீர்கள். யார் எந்தக் கேபினில் படுத்தார்கள் என்பதையும், கேபின் எண்ணையும், வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கே எழுதிப் போட்டு வையுங்கள்.